ரெண்டு பசங்களுக்கு ஒரே மாதிரி தப்பு வந்திருக்கு, கணக்கு போட்டே காப்பின்னு சொல்லிட முடியுமா?

சனிக்கிழமை டெஸ்ட் மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல பிளஸ் ஒன் பிசிக்ஸ் எடுக்குறேன். வாராவாரம் சனிக்கிழமை நீட் மாடல்ல டெஸ்ட் இருக்கும், 40 கேள்வி, நாலு ஆப்ஷன், ஓ.எம்.ஆர். ஷீட், மூணு செக்‌ஷன் சேத்து 120 பசங்க. போன வாரம் ஆபீஸ்ல ஷீட் ஸ்கேன் பண்ற தம்பி ரெண்டு ஷீட்டை மட்டும் தனியா எடுத்துட்டு வந்து "மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஸ்டாஃப் ரூம்ல என் டேபிள் மேல வச்சாரு. ஒருத்தனுக்கு 29 சரி, இன்னொருத்தனுக்கு 28 சரி. ரெண்டு பேருக்குமே தப்பான கேள்வி 10 இருக்கு, அந்த 10ல 9 கேள்விக்கு ரெண்டு பேரும் ஒரே தப்பு ஆப்ஷனைத்தான் ஷேட் பண்ணிருக்காங்க. ஒருத்தன் நல்லா அழுத்தி ரொப்பிருக்கான், இன்னொருத்தன் லேசா சுழிச்சு விட்டிருக்கான், ஆனா ரெண்டு ஷீட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தப்போ நாலு இடம் தவிர வட்டத்து மேல வட்டம் அப்படியே உக்காந்துச்சு, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

விஷயம் கரஸ்பாண்டன்ட் வரைக்கும் போயிடுச்சு. "இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும், பேரன்ட்ஸை வரச்சொல்லுங்க, ரெண்டு பேரையும் ஸ்பெஷல் பேட்ச்ல இருந்து எடுத்துடலாம்"னு சொல்றாரு. ஒரே ஹால், ஒருத்தனுக்குப் பின்னாடி குறுக்கால அடுத்த பெஞ்ச்ல இன்னொருத்தன். ஹால் சூப்பர்வைசர் எதையும் பாக்கலைங்கறாங்க. அதுல ஒரு பையனுக்கு அந்த பேட்ச்ல இருக்கறதாலதான் ஃபீஸ் கன்செஷன், எடுத்துட்டா அவன் படிப்பே நிக்கும், அவங்க வீட்டை எனக்குத் தெரியும். அதுக்காக காப்பி அடிச்சிருந்தா விட்டுடணும்னு நான் சொல்ல வரலை. நெஜமா அடிச்சானா இல்லையான்னு கணக்குல கண்டுபிடிக்க வழி இருக்கா? வெளிநாட்டுல எல்லாம் இதுக்கு முறை இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும், தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

வாய்ப்பாடு:

டீச்சர், நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவன், ஆன்லைன் எக்ஸாம் நடத்துற கம்பெனில இந்த வேலையத்தான் பாக்குறேன். சரியான விடை ஒத்துப்போறதுல பெருசா ஒண்ணும் தெரியாது, ரெண்டு பேரும் படிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் சரியாத்தான் வரும். தப்பு ஒத்துப்போறதைத்தான் பாக்கணும், நீங்களும் அதைத்தான் பாத்திருக்கீங்க, அது வரைக்கும் சரி.

இப்போ கணக்கு. தப்பு ஆப்ஷன் மூணு. மூணுக்கும் பசங்க சமமா போவாங்கன்னு வச்சுக்கிட்டா ரெண்டு பேர் ஒரே தப்புல விழற வாய்ப்பு மூணுல ஒண்ணு. பத்துக்கு ஒம்போதோ அதுக்கு மேலயோ ஒத்துப்போக வாய்ப்பு 59,049ல 21, அதாவது சுமார் 2,800ல ஒண்ணு. இதைப் பாத்தா யாரும் காப்பின்னுதான் சொல்லுவாங்க. ஆனா மூணு ஆப்ஷனும் சமம்ங்கறது நெஜத்துல நடக்காது. கேள்வி போடுறவங்க வேணும்னே ஒரு ஆப்ஷனை பசங்க வழக்கமா பண்ற தப்புக்குப் பொருந்துற மாதிரிதான் வைப்பீங்க, இல்லையா, சைன் மாத்திப் போட்டா வர்ற விடை, கிலோமீட்டரை மீட்டராக்க மறந்தா வர்ற விடை, இப்படி. தப்பு போட்டவங்கள்ல முக்கால்வாசி பேர் அந்த ஒரு ஆப்ஷன்லயே விழுந்திருந்தாங்கன்னா ரெண்டு பேர் ஒத்துப்போற வாய்ப்பு 0.6 கிட்ட போயிடும். இப்போ அதே பத்துக்கு ஒம்போதைப் போட்டுப் பாருங்க, 22ல ஒண்ணு! 2,800ல ஒண்ணு எங்க, 22ல ஒண்ணு எங்க. ஒரு பையனோட படிப்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

அதனால மொதல்ல 120 ஷீட்டையும் வச்சு அந்த 9 கேள்விக்கும் தப்பு போட்டவங்க எந்தெந்த ஆப்ஷனுக்கு எத்தனை பேர் போனாங்கன்னு எண்ணுங்க. ஸ்கேனர்லயே இருக்கும், அந்தத் தம்பிகிட்ட கேட்டா எக்ஸெல்லா குடுப்பாரு.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். 120 பேர்ல எத்தனை ஜோடி வரும்னு பாத்திருக்கீங்களா? 120 பெருக்கல் 119, பாதி பண்ணா 7,140. ஆயிரத்துல ஒரு தடவைதான் நடக்கும்னு சொல்ற விஷயம் 7,140 ஜோடில ஏழு தடவை சும்மாவே நடக்கும், யாரும் யாரையும் பாக்காமலே. ஆபீஸ்ல தம்பி எல்லா ஷீட்டையும் பாத்துட்டு அதுல ரொம்ப ஒத்துப்போன ஜோடியை எடுத்துக் குடுத்திருக்காரு, அப்போ அந்த ஜோடி தற்செயலா மேல வந்ததான்னு சந்தேகப்பட்டே ஆகணும். ஹால் சூப்பர்வைசர் "இவன் அவனைப் பாத்து எழுதுறான்"னு முன்னாடியே எழுதிக் குடுத்து, அதுக்கப்புறம் ஷீட்டைப் பாத்திருந்தா கதை வேற. ஒரே ஒரு ஜோடிதான், தேடிப் பிடிச்சதில்லை.

சீட்டிங்கையும் சேத்துக்கோங்க. பக்கத்துலயோ முன்ன பின்னயோ குறுக்காலயோ இருக்கறவனைத்தான் பாக்க முடியும். 40 பேர் ஹால்ல எட்டு வரிசை அஞ்சு பேர்னா அப்படி 123 ஜோடி, மூணு ஹாலுக்கு 370 கிட்ட. உங்க ரெண்டு பேரும் குறுக்கால உக்காந்திருக்காங்க, அது அவங்களுக்கு எதிரான விஷயம்தான், நான் மறைக்கலை. ஆனா தள்ளி தள்ளி உக்காந்த ஜோடிகள்லயும் இதே அளவு ஒத்துப்போறது இருக்கான்னு எண்ணிப் பாருங்க. இருந்துச்சுன்னா காரணம் பெஞ்ச் இல்ல, பாடம்.

கோபம் வருது:

காப்பி அடிச்சவனைக் காப்பாத்த இவ்வளவு கணக்கா? என் பொண்ணு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் படிச்சு 31 எடுக்குறா, பக்கத்துல பாத்து எழுதுறவன் 34 எடுத்து அவளுக்கு முன்னாடி ரேங்க் வாங்குறான். நேர்மையா எழுதுற புள்ளைங்களோட மனசு என்ன ஆகும்னு ஒருத்தராவது பேசுங்க. பத்துக்கு ஒம்போது தப்பு ஒரே மாதிரின்னா சின்னக் குழந்தைக்கும் புரியும்.

வாய்ப்பாடு:

உங்க பொண்ணு மாதிரி புள்ளைங்களுக்காகத்தான் இந்த வேலையே பாக்குறேன். ஆனா ஒண்ணு யோசிங்க, நாளைக்கு உங்க பொண்ணும் அவ ஃப்ரெண்டும் ஒரே நோட்ஸ் படிச்சு ஒரே தப்பு பண்ணி, அவளைக் கூப்பிட்டு நீ காப்பின்னு சொன்னா, அன்னைக்கு உங்களுக்கு இந்தக் கணக்கு வேணும்.

அட்லாண்டா அப்பா:

நான் இங்க ஜார்ஜியால இருக்கேன், என் பசங்க ரெண்டு பேரும் இங்க பப்ளிக் ஸ்கூல். இங்க நடந்ததைக் கேட்டா டீச்சருக்கு உதவும், ஏன்னா இங்க தில்லுமுல்லு பண்ணது பசங்க இல்ல, டீச்சர்ங்க.

அட்லாண்டா பள்ளிகள்ல மார்க் கிடுகிடுன்னு ஏறுச்சு. அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் தலைவரா இருந்த சூப்பரின்டென்டன்ட் பெவர்லி ஹாலுக்கு 2009ல நாட்டுலயே சிறந்த சூப்பரின்டென்டன்ட்னு விருதெல்லாம் குடுத்தாங்க. இந்த ஏத்தம் நம்புற மாதிரி இல்லையேன்னு மொதல்ல சந்தேகப்பட்டது அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன் பேப்பர்தான், மார்க்கை வச்சு கணக்கு போட்டு எழுதினாங்க. அப்புறம் ஸ்டேட் கவர்மென்ட் 2009 சி.ஆர்.சி.டி.ங்கற மாநிலப் பரீட்சை விடைத்தாள்ல அழிச்ச தடத்தை எண்ண ஆரம்பிச்சது. அப்போ இங்க பென்சில்லதான் எழுதினாங்க, ரப்பரால அழிச்சா ஸ்கேனர்ல அந்த மங்கலான கறை தெரியும். எல்லாப் பசங்களும் ஒண்ணு ரெண்டு அழிப்பாங்க, சரியை அழிச்சு தப்பாக்குறதும் உண்டு. தப்பை அழிச்சு சரியாக்குனது மட்டும் ஒரு கிளாஸ்ல மாநில சராசரியை விட மூணு ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு (சராசரில இருந்து வழக்கமா விலகற அளவு) மேல போச்சுன்னா அந்த கிளாஸைத் தனியா எடுத்தாங்க. மூணு டீவியேஷன்னா தற்செயலா நடக்க சுமார் 740ல ஒண்ணு. ஒரே ஸ்கூல்ல கிளாஸ் கிளாஸா அப்படி வந்துச்சு.

ஆனா அதோட நிறுத்திக்கலை, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். புலனாய்வு ஆட்களை அனுப்பி ஒவ்வொரு டீச்சரையும் உக்கார வச்சு பேசினாங்க. 2011ல ரிப்போர்ட் வந்துச்சு, 44 ஸ்கூல், 178 ஆசிரியர் பிரின்சிபால், அதுல 82 பேர் ஒத்துக்கிட்டாங்க. ஒரு வீக்கெண்ட்ல ஒரு டீச்சர் வீட்டுல கூடி உக்காந்து விடையை மாத்தினதுகூட வெளிய வந்துச்சு. 2013ல 35 பேர் மேல கேஸ், 2015ல 11 பேருக்கு குற்றம் நிரூபணம். கணக்கு எந்த ஸ்கூல் கதவைத் தட்டணும்னு காட்டுச்சு. உள்ள போய்க் கேட்டப்புறம்தான் யார் என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சது.

எனக்கு இன்னைக்கும் ஆறாதது என்னன்னா அந்தப் பசங்க. படிக்கத் தெரியாத புள்ளைக்கு நீ பாஸுன்னு பேப்பர் குடுத்துட்டா, ஸ்பெஷலா சொல்லிக்குடுக்க வேண்டிய உதவி அதுக்குக் கிடைக்காமலே போயிடும்.

எம்.ஏ. எகனாமிக்ஸ்:

இதுல சிகாகோ கதையை யாரும் சொல்லலையே! பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சேர்ந்து பண்ணது, அங்கயும் டீச்சர்ங்க விடையை மாத்தினதைப் பத்தி, எங்க கிளாஸ்ல ரெண்டு வாரம் இதைத்தான் படிச்சோம். அங்க 1996 வாக்குல ரிசல்ட் மோசமா இருந்தா ஸ்கூலை கண்காணிப்புல போடுறது, பசங்களை ஃபெயில் ஆக்குறதுன்னு கெடுபிடி வந்துச்சு. ரெண்டு பேரும் 1993ல இருந்து 2000 வரைக்கும் 3ஆம் கிளாஸ் முதல் 7ஆம் கிளாஸ் வரை பசங்களோட விடை வரிசையைக் கேள்வி கேள்வியா எடுத்துப் பாத்தாங்க. தேடினது ரெண்டே அடையாளம். ஒண்ணு, ஒரு வருஷம் கிளாஸ் மொத்தமா எகிறி அடுத்த வருஷம் வேற டீச்சர்கிட்ட போனதும் பொத்துன்னு விழறது, நெஜமா படிச்சிருந்தா அப்படி விழாது. ரெண்டாவது, சம்பந்தமில்லாத பசங்க ஷீட்ல நடுவுல ஒரு துண்டு மட்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கறது, லேசான கேள்வியைத் தப்பு பண்ண பையன் கஷ்டமான கேள்வியை சரியா போட்டிருக்கறது. நேரம் இல்லாதப்போ டீச்சர் கைல கிடைக்குற ஷீட்டுகள்ல ஒரே இடத்துல வரிசையா மாத்தினா அப்படித்தான் வரும். வருஷத்துக்கு குறைஞ்சது 4லிருந்து 5 சதவீத கிளாஸ்ல இது நடந்திருக்கும்னு சொன்னாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்தது. 2002ல சிகாகோ பள்ளிகளுக்குத் தலைவரா இருந்த ஆர்ன் டங்கன் இவங்களைக் கூப்பிட்டு, நூத்துக்கு மேல கிளாஸ்ல மறுபடி டெஸ்ட் வச்சாங்க, இந்தத் தடவை டீச்சர் கை ஷீட்ல படாம. சந்தேகப்பட்ட கிளாஸ் மட்டும் இல்ல, மார்க் நல்லா ஏறியும் விடை வரிசை சுத்தமா இருந்த கிளாஸையும் சேத்து வச்சாங்க. சந்தேக கிளாஸ் எல்லாம் ஒரு கிளாஸ் படிப்பு அளவுக்கும் மேல சரிஞ்சது, அந்த நல்ல டீச்சர் கிளாஸ் அப்படியே நின்னுச்சு. மார்க் ஏறினதாலயே ஒரு நல்ல டீச்சரைத் திருடின்னு சொல்லியிருந்தா எவ்வளவு பெரிய பாவம். அதுக்குத்தான் அவங்களையும் சேத்து வச்சாங்க. மிஸ், உங்க ரெண்டு பசங்களுக்கும் ரீடெஸ்ட் வைங்க, கூடவே யாரும் சந்தேகப்படாத ரெண்டு பேரையும் உக்கார வைங்க.

பழைய கணக்கு வாத்தியார்:

அம்மா, நான் 34 வருஷம் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவன். மேல தம்பி சொன்ன "காரணம் பெஞ்ச் இல்ல, பாடம்"ங்கறதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன். 1982, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ், கார்ஃபீல்ட் ஹை ஸ்கூல். ஏழைப்பட்ட பிள்ளைங்க, அதிகமும் மெக்சிகோ வம்சாவளி. ஹைமே எஸ்கலான்டேன்னு பொலிவியாவுல இருந்து போன வாத்தியார், 18 பிள்ளைங்களை கால்குலஸ் ஏ.பி.ங்கற காலேஜ் தரத்துப் பரீட்சைல பாஸ் பண்ண வச்சார். பரீட்சை நடத்துன ஈ.டி.எஸ். அதுல 14 பேர் விடையைப் பாத்துட்டு ஒரே மாதிரி தப்பு இருக்குன்னு சந்தேகம்னுட்டாங்க. 12 பேர் மறுபடி எழுதினாங்க, லீவுல. 12 பேரும் பாஸ். ஒரே வாத்தியார்கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்கு வழியும் ஒண்ணுதான், வழுக்குற இடமும் ஒண்ணுதான். சந்தேகப்பட்டதை நான் குத்தம் சொல்லலை, ஆனா அந்தப் பன்னெண்டு பேரும் அந்த லீவுல எப்படிச் சாப்பிட்டிருப்பாங்க, எப்படித் தூங்கியிருப்பாங்கன்னு நெனச்சா இப்பவும் மனசு கனக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். விடைத்தாள் திருத்துறவங்க கை விளையாடினாலும் அது கணக்குல தெரியும். நியூயார்க்ல ரீஜென்ட்ஸ்ங்கற ஹை ஸ்கூல் மாநிலப் பரீட்சைல பாஸ் மார்க் 65, சொந்த ஸ்கூல் வாத்தியாரே திருத்துன காலத்துல 65ல மட்டும் கூட்டம் அம்முச்சு, அதுக்கு ஒண்ணு ரெண்டு கீழ பள்ளம். வரைபடத்துல மலைக்குப் பக்கத்துல கிணறு வெட்டுன மாதிரி இருக்கும். 2011க்கு மேல அந்தப் பழக்கத்தை மாத்தினாங்க. நம்ம ஊர்ல 35. 33, 34 வாங்குன பேப்பர் என் கைல வந்தப்போ எல்லாம் ஸ்டெப் மார்க் எங்கயாவது கிடைக்குமான்னு மறுபடி மறுபடி புரட்டியிருக்கேன், இதைச் சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல பெருமையும் இல்ல. நியூயார்க் ஆய்வுல அப்படி ஏத்திவிடப்பட்ட பிள்ளைங்க பள்ளிப்படிப்பை முடிக்கிற வாய்ப்பு நல்லாவே கூடுனதா சொல்லியிருக்காங்க.

ரெண்டாவது தடவை எழுதுன பொண்ணோட அம்மா:

நீட்னு பேச்சு வந்ததால சொல்றேன், என் பொண்ணு 2024ல ரெண்டாவது தடவை எழுதினா. ஜூன் 4 ரிசல்ட் வந்தப்போ 67 பேருக்கு 720க்கு 720, அதோட 718, 719ன்னு மார்க். கேள்வி 180, ஒண்ணுக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. ஒண்ணை விட்டா 716, ஒண்ணு தப்பானா 715. 718 எப்படி வரும்னு கணக்கு தெரிஞ்ச எல்லா வீட்டுலயும் அன்னைக்கு ராத்திரி கேட்டாங்க. நேரம் வீணானதுக்கு 1,563 பேருக்கு கிரேஸ் மார்க் குடுத்தது அப்புறம்தான் வெளிய வந்துச்சு, அதை ரத்து பண்ணி மறுதேர்வும் வச்சாங்க.

அப்புறம் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிப்போர்ட், மார்க் பரவல் மணி வடிவத்துல (நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரியுற மாதிரி) இருக்கு, பெரிய அளவுல முறைகேடு நடந்த அடையாளம் இல்லைன்னு. எனக்குப் புரியாதது இதுதான், 23 லட்சம் பேருக்கு மேல எழுதின பரீட்சைல பாட்னா, ஹஸாரிபாக்ல வினாத்தாள் லீக் ஆனதால பலன் அடைஞ்சது 155 பேர்னு சி.பி.ஐ. சொன்னதா சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே இருக்கு. 155 பேர் அந்த மணி வடிவத்துல எங்க தெரிவாங்க, கடல்ல கரைச்ச பெருங்காயம்தானே? வாய்ப்பாடு தம்பி, நான் சொல்றது சரியா?

வாய்ப்பாடு:

ரொம்ப சரிக்கா. மொத்தப் பரவலைப் பாத்தா ஊர் மொத்தமும் காப்பி அடிச்சாத்தான் தெரியும். சின்னக் கூட்டத்தைப் பிடிக்கணும்னா சென்டர் சென்டரா, ஹால் ஹாலா பிரிச்சுப் பாக்கணும், அதனாலதான் சுப்ரீம் கோர்ட் சென்டர் வாரியா மார்க்கை வெளியிடச் சொன்னுச்சு. அப்பவும் ஒரே சென்டர்ல பத்து பேர்னா மார்க்கை மட்டும் வச்சுக் கண்டுபிடிக்கறது கஷ்டம், கேள்வி வாரியா விடை வேணும். மணி வடிவம் அழகா இருக்குங்கறதுக்கு அர்த்தம் யாரும் திருடலைன்னு இல்ல, இந்தத் தூரத்துல இருந்து பாத்தா தெரியலைன்னுதான்.

சனிக்கிழமை டெஸ்ட் மிஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து எண்ணினேன்.

9 கேள்வில 6ல தப்பு போட்டவங்க பெரும்பாலும் ஒரே ஆப்ஷன்லதான் போய் விழுந்திருக்காங்க. அதுல ஒண்ணு என் தப்பு. மழை செகண்டுக்கு 35 மீட்டர் வேகத்துல நேரா விழுது, காத்து 12 மீட்டர், குடையை எந்தக் கோணத்துல பிடிக்கணும். நான் கிளாஸ்ல செங்குத்தோட 19 டிகிரின்னு பத்து தடவை சொல்லிக் குடுத்தேன். டெஸ்ட்ல தரையோட கோணம் கேட்டிருந்தேன், விடை 71. தப்பு போட்ட 38 பேர்ல 31 பேர் 19 போட்டிருக்காங்க. நான் சொல்லிக்குடுத்ததை எழுதின புள்ளைங்களை நானே காப்பின்னு சந்தேகப்பட்டிருக்கேன். கணக்கைப் போட்டப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மீதி 3 கேள்வி அப்படி இல்ல, அந்த ஆப்ஷனை ரொம்பக் கொஞ்சப் பேர்தான் போட்டிருந்தாங்க. திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உக்கார வச்சு 15 புதுக் கேள்வி குடுத்தேன், கூடவே வேற ரெண்டு பசங்களுக்கும். சந்தேகப்பட்ட ரெண்டு பேரும் 11, 10 எடுத்தாங்க, பழைய மார்க்குக்கு சரியா பொருந்துது. அப்புறம் அந்த 3 கேள்வியையும் தனித்தனியா கேட்டேன். ரெண்டுல திடக்கோளத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் 2/5க்கு பதிலா 2/3னு ரெண்டு பேரும் எழுதிக் காட்டினாங்க, அது உள்ளீடற்ற கோளத்துக்கு வர்றது. பஸ்ல ஒரே நோட்டை வச்சுத்தான் படிப்பாங்களாம், நோட்டை வாங்கிப் பாத்தேன், அதுல அப்படித்தான் இருக்கு, பச்சை ஸ்கெட்ச்ல கட்டம் போட்டு. மூணாவது கேள்விக்கு ரெண்டு பேராலயும் காரணம் சொல்ல முடியலை, ஒருத்தன் "தெரியல மிஸ், குத்துமதிப்பா போட்டேன்"னான். அது மட்டும் எனக்கு இன்னும் தெரியலை, தெரியலைன்னே கரஸ்பாண்டன்ட்கிட்டயும் சொன்னேன். எண்ணின பேப்பரையும் நோட்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்துட்டு, பேரன்ட்ஸை வரச்சொல்ல வேண்டாம், பேட்ச்லயே இருக்கட்டும்னாரு.

வர்ற சனிக்கிழமைல இருந்து ஏ, பி ரெண்டு செட், கேள்வி வரிசையும் ஆப்ஷன் வரிசையும் மாத்திப் போடப்போறோம். வாய்ப்பாடு தம்பி, பக்கத்துப் பக்கத்து சீட் ஜோடியை மட்டும் எடுத்து இந்தக் கணக்கைப் போட எக்ஸெல்ல ஏதாவது பண்ணித் தருவீங்களா?

வாய்ப்பாடு:

கண்டிப்பா டீச்சர். சீட்டிங் பிளானும் விடை ஷீட்டும் அனுப்புங்க, பேரு ரோல் நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் சீட் நம்பரோட. புதன்கிழமைக்குள்ள போட்டுத் தர்றேன்.